சபையில் வைத்த படம்

படத்தில் பாரதிப்ரியா சிரித்துக்கொண்டிருந்தாள். தன் படத்தைப் பார்த்தவள் கண்ணில் முதலில் பட்டது அந்தச் சிரிப்புதான். ஸ்வெட்டரைப் பிறகுதான் பார்த்தாள்.

2008-ஆம் வருடம், ஆடி மாதத்துச் சனிக்கிழமை. காரைக்காலில் சஃபியாவின் வீட்டு மாடி அறை. இருவரும் பதினோராம் வகுப்பில் ஒரே பெஞ்சு. சஃபியாவின் வாப்பா குவைத்தில் ஒரு பாத்திரக் கடையில் இருந்தார். அவரோடு முகம் பார்த்துப் பேசுவதற்காக வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கி, மானிட்டரின் தலையில் சின்னதாக ஒரு கேமராவையும் மாட்டியிருந்தார்கள். வாப்பா வராத நேரங்களில் அதில் ஆர்குட் ஓடியது.

“கோவப்படாம பாக்கணும். சரியா?” என்று கேட்டுவிட்டுத்தான் சஃபியா அதைத் திறந்தாள்.

ஆர்குட்டில் யார் வேண்டுமானாலும் ஒரு கூட்டத்தை ஆரம்பிக்கலாம். கம்யூனிட்டி என்று பெயர். மதியத் தூக்கம் பிடித்தவர்களுக்கு ஒன்று, கணக்கு வாத்தியாரைப் பிடிக்காதவர்களுக்கு ஒன்று என்று அவர்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளே நிறைய வைத்திருந்தார்கள். இதன் பெயர் ‘சுனாமி ஸ்வெட்டர்’. நாற்பது பேருக்கு மேல் சேர்ந்திருந்தார்கள்.

படத்தில் அவளுக்குப் பன்னிரண்டு வயது. பெரிய ஆம்பிளை போடுகிற மெரூன் நிறக் கம்பளி ஸ்வெட்டர். நெஞ்சில் வெள்ளை நூலில் கொம்பு விரித்த மான். கைகள் விரல் நுனிக்கும் கீழே தொங்கின. பின்னால் கல்யாண மண்டபத்து வாசல், ஒரு வரிசை, ஒரு லாரியின் பாதி. பனி பெய்கிற ஏதோ ஊரில் யாரோ மனமிரங்கிக் கொடுத்தது காரைக்கால் வெயிலில் வந்து இறங்கியிருந்தது. நிவாரணத்துக்கு வந்த மூட்டைகளில் அந்த மாதிரி உருப்படிகள் ஏராளம். ஆண்கள் அவற்றை மண்டபத்துத் தரையில் விரித்துப் படுத்தார்கள். அவள் போட்டுக்கொண்டாள். உடம்பில் இருந்த பாவாடை சட்டையைத் துவைத்துப் போட்ட நாள் அது. மாற்றுத் துணி வேறு இல்லை.

படம் எடுத்தது ஒரு தொண்டு நிறுவனத்துக்காரப் பெண். தமிழ் தெரியாது. “ஸ்மைல்” என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, தன் வாயின் இரண்டு ஓரங்களையும் விரலால் இழுத்துக் காட்டினாள். கெண்டை மீன் வாய் மாதிரி இருந்தது. பாரதிப்ரியா சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைத்தான் நிறுவனம் தன் இணையதளத்தில் போட்டு, நன்கொடை அனுப்புங்கள் என்று கீழே எழுதியிருந்தது. நாலு வருஷமாக அங்கேயே இருந்திருக்கிறது. யாரோ தேடி எடுத்திருக்கிறார்கள்.

“கீழ எழுதினதப் படிக்காத,” என்றாள் சஃபியா.

படித்தாள். எல்லாம் ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ் என்பதால் வாயசைத்துத்தான் படிக்க முடிந்தது. ‘ஊட்டியிலயும் சுனாமியா?’ ‘மான் செத்துப் போச்சு மீன் நாத்தத்துல.’ ‘என்னா சிரிப்பு, ஓசின்னா தனி சந்தோஷம்தான்.’ கடைசியாகச் சொன்னதற்குப் பதினோரு பேர் ஹாஹா என்று எழுதியிருந்தார்கள்.

கூட்டத்தை ஆரம்பித்தவன் தன் பெயரைக் கடல்சிங்கம் என்று வைத்துக்கொண்டிருந்தான். முகத்துக்குப் பதில் ஒரு படகின் முகப்பு. மஞ்சளில் கண் எழுதிய நீலப் படகு. பாரதிப்ரியாவுக்கு அந்தப் படகைத் தெரியும். அது அவள் அத்தை வீட்டுப் படகு. அத்தை மகன் நாகராஜ் அதே பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாம் வகுப்பு படித்தான்.

“யாருன்னு தெரியுதாடி?”

“தெரியல,” என்றாள்.

அவளுக்கு அழுகை வரவில்லை. வரும் என்று சஃபியா எதிர்பார்த்து டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்திருந்தாள். பாரதிப்ரியா தண்ணீரைக் குடித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“இத எங்கம்மா பாக்க முடியுமா?”

“ஒங்கம்மாவா? மீன் கூடையோட பிரவுசிங் சென்டருக்குப் போவாங்களா, லூசு.”

அது அவளுக்குப் போதுமாக இருந்தது.

அம்மா பெயர் செல்லம். செல்லியம்மன்பேட்டையிலிருந்து காலையில் ஷேர் ஆட்டோவில் கூடையை ஏற்றி நெரவியில் தெருத்தெருவாக மீன் விற்பவள். சுனாமியில் அவர்கள் வீடு போயிற்று. வீட்டோடு பாரதிப்ரியாவின் தம்பி முகிலனும் போனான். ஆறு வயது. அவன் கிடைக்கவில்லை. மண்டபத்தில் இருந்த நாட்களில் செல்லம் விடிந்ததும் கிளம்பி ஆஸ்பத்திரி, ஆற்று முகத்துவாரம், கருவேலங்காடு என்று தேடிவிட்டுப் பொழுது சாய்ந்துதான் திரும்புவாள். அப்பா தங்கப்பன் காலில் தகரம் கிழித்துப் படுத்திருந்தார். அம்மா அப்படி அலைந்துகொண்டிருந்த ஒரு நாளில்தான் மகள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சிரித்திருக்கிறாள். ஸ்வெட்டரைப் பற்றி யார் எதை எழுதினாலும் எழுதிவிட்டுப் போகட்டும். அந்தச் சிரிப்பு அம்மா கண்ணில் படக்கூடாது. அவளுக்கு வேண்டியது இவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்தில் யாரும் அவளிடம் நேராக ஒன்றும் சொல்லவில்லை. அவள் வகுப்புக்குள் வந்தால் பின் பெஞ்சில் ஒருவன் கையைக் கட்டிக்கொண்டு நடுங்குவான். இன்னொருவன் ஜன்னலைச் சாத்துவான். ஒரு நாள் விலங்கியல் டீச்சர் வேர்வையைத் துடைத்துக்கொண்டே, “யாராச்சும் அந்த ஃபேனப் போடுங்களேன்,” என்றார். வகுப்பு மொத்தமும் சிரித்தது. டீச்சர் தன் புடவையைக் குனிந்து பார்த்துக்கொண்டார். பாவம், அவருக்கு அன்று முழுவதும் சந்தேகம் போகவில்லை.

“எல்லாரையும்தான்டி ஓட்டுறானுங்க,” என்றாள் சஃபியா. “என் மூக்குக்கு ஒரு கம்யூனிட்டி இருக்கு, தெரியுமா? நான் அதுல மெம்பரு. நாமளும் சேந்துட்டா அவனுங்களுக்கு சப்புன்னு போயிடும். அழுதா விடவே மாட்டானுங்க.”

அது யோசித்துச் செய்யவேண்டிய காரியமாக பாரதிப்ரியாவுக்குத் தோன்றவில்லை. மழைக்கு ஒதுங்குவது போலத்தான். சஃபியாவின் கம்ப்யூட்டரிலேயே ஒரு கணக்கு ஆரம்பித்துத் தன் சொந்தப் பெயரில் கூட்டத்தில் சேர்ந்தாள். முதல் வேலையாக, ‘எனக்கு ஒரு மஃப்ளரும் வேணும். யார் அனுப்புறீங்க? ஹாஹா’ என்று எழுதினாள்.

எழுதிவிட்டு இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒருவன், ‘சூப்பர்’ என்றான். இன்னொருவன், ‘பொண்ணு கெத்து’ என்றான்.

திங்கட்கிழமை யாரும் ஜன்னலைச் சாத்தவில்லை. பின் பெஞ்சுக்காரன் ஒருவன் வேதியியல் நோட்டைக் கேட்டு வாங்கிப் போனான். பன்னிரண்டாம் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் கைகழுவும் இடத்தில் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள், அதில் குத்தல் இல்லை. நாகராஜ் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் எதிரே வந்தான். அவளைப் பார்த்ததும் செயினைச் சரிசெய்யக் குனிந்துகொண்டான். செயின் சரியாகத்தான் இருந்தது.

அவளைப் பொறுத்தவரை விஷயம் அதோடு முடிந்தது.

ஆவணி பிறந்தது. செல்லம் நெரவியில் சௌந்தரவல்லி வீட்டு வாசலில் கூடையை இறக்கினாள். சௌந்தரவல்லி எப்போதும் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் விலை கேட்பாள். அவள் மகள் பாரதிப்ரியாவின் வகுப்பு. தலை பின்னிக்கொண்டே வாசலுக்கு வந்தவள் சொன்னாள்:

“அக்கா, ஒங்க பொண்ணு படம் கம்ப்யூட்டர்ல வந்துருக்கே, தெரியுமா?”

செல்லத்துக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. “பேப்பர்ல வருமே, மார்க் வாங்குன புள்ளைங்க படம், அந்த மாரியா?”

பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். “அது வேறக்கா. ஒங்க ஊர்ப் பையன்தான் போட்டான். நாகராஜுன்னு. எல்லாரும் பாத்துச் சிரிச்சாங்க.”

“உள்ள போடி,” என்று சௌந்தரவல்லி மகளை அதட்டினாள். பிறகு விலை பேசாமல் மீனை வாங்கிக்கொண்டாள். பேரம் பேசாதது செல்லத்தை உறுத்தியது. விஷயம் பெரிது என்று அதிலிருந்துதான் அவளுக்குப் பட்டது.

அந்த வருடங்களில் டிவி செய்திகளில் அடிக்கடி ஒன்று வரும். பெண்ணின் தலையை வேறு உடம்பில் ஒட்டிக் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டார்கள், பெண் தூக்கில் தொங்கினாள். செல்லத்துக்குக் கம்ப்யூட்டர் என்றால் அதுதான். பாதிக் கூடையோடு திரும்பி வந்தாள். மகள் பள்ளியிலிருந்து வரும்வரை சமைக்கவில்லை.

“என்ன படம்டி அது?”

பாரதிப்ரியா பையை இறக்கக்கூட இல்லை. “எது?”

“நாகராஜு போட்டது.”

“அது ஒண்ணுமில்லம்மா. சும்மா ஓட்டுறதுக்குப் போட்டாங்க. எல்லாருக்கும் போடுவாங்க.”

“என்ன படம்னு கேக்குறேன்.”

“என் படம்தான்.”

“என்ன உடுப்புல இருக்க?”

“உடுப்பெல்லாம் போட்டுத்தான்மா இருக்கேன்.”

“அப்ப காட்டு.”

“காட்ட முடியாது. அது கம்ப்யூட்டர்ல இருக்கு.”

“அந்தத் துலுக்கப் பொண்ணு வீட்டுல இருக்குல்ல கம்ப்யூட்டரு. வா, போவோம்.”

“வேணாம்மா. நீ பாக்க வேணாம்.”

அவ்வளவுதான். செல்லம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். “பாக்க வேணாங்கிறியே. அப்ப அதான்.”

“அது இல்லம்மா. சத்தியமா அது இல்ல.”

“பின்ன ஏன் காட்ட மாட்டேங்கிற?”

பாரதிப்ரியா அப்போதுதான் பையை இறக்கினாள்.

தங்கப்பன் கரைக்கு வந்ததும் செல்லம் ஊர்ச்சபையில் பிராது கொடுக்கச் சொன்னாள். அவர் வலையை உதறியபடியே, “எங்க அக்கா மவன்டி,” என்றார்.

“அக்கா மவனா இருந்தா ஒம் பொண்ண அவுத்துப் போட்டுப் பாக்கலாமா?”

“நீ பாத்தியா?”

“எம் பொண்ணு மூஞ்சியப் பாத்தேன். போதாதா?”

பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சொல்வது அவர்களுக்குத் தோன்றவேயில்லை. போலீஸ் என்றால் ஊர் ஒப்பாது. பையனும் இந்த ஊர், பெண்ணும் இந்த ஊர். செல்லியம்மன்பேட்டையில் படகு மோதினாலும் வலை காணாமல் போனாலும் புருஷன் அடித்தாலும் போகிற இடம் ஒன்றுதான். மாரியம்மன் கோயில் முன்னால் நாட்டார் தலைமையில் கூடுகிற ஊர்ச்சபை. அதற்கு ஒரு நெடுநாள் வழக்கம் உண்டு. பிராதுக்குக் காரணமான பொருளைச் சபையில் வைக்க வேண்டும். அறுத்த வலையென்றால் அறுத்த வலை, உடைந்த துடுப்பென்றால் உடைந்த துடுப்பு. கண்ணால் பார்க்காத ஒன்றுக்குச் சபை தீர்ப்புச் சொல்லாது.

தலையாரி வந்து சொல்லிவிட்டுப் போனார். “ஞாயித்துக்கெழம நாலு மணிக்கு. படத்த எடுத்து வைக்கச் சொன்னாரு நாட்டாரு.”

“படம் எதுக்கு? படம் வேணாம்,” என்றாள் பாரதிப்ரியா.

“அது இல்லாம என்னத்தப் பாத்துப் பேசுறது, தாயி?”

அவள் அன்றிரவு சாப்பிடவில்லை. மறுநாள் சஃபியாவிடம் சொன்னபோது சஃபியா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். “ஆர்குட்டுக்குப் பஞ்சாயத்தா? அல்லாவே! வெத்தல பாக்கெல்லாம் வைப்பாங்களா?” பிறகு பாரதிப்ரியாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். “நாப்பது பேருதான்டி பாத்தானுங்க. இப்ப ஒங்க ஊரே பாக்கப்போவுது. ஒங்கம்மாகிட்ட சொல்லுடி.”

“எத சொல்றது? எங்கம்மா தம்பியத் தேடிக்கிட்டு இருந்தப்ப நான் சிரிச்சுக்கிட்டு இருந்தேன்னா?”

சஃபியாவுக்கு அப்போதுதான் விஷயம் எது என்று தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முன் ஜமுக்காளம் விரித்தார்கள். ஆண்கள் உட்கார்ந்தார்கள். பெண்கள் சபையில் உட்காரும் பழக்கம் இல்லை. பிராதுக்காரி என்பதால் செல்லம் வேப்பமரத்தடியில் நின்றாள். பாரதிப்ரியா அவள் முதுகுக்குப் பின்னால். எதிர்ப்பக்கம் அத்தையும் நாகராஜும். நாகராஜ் பேண்ட்டை மாற்றி வேட்டியில் வந்திருந்தான். அத்தை கட்டிவிட்டிருக்க வேண்டும், நடக்கத் தெரியாமல் நடந்தான்.

கல்லூரியில் படிக்கிற ஊர்ப்பையன் ஒருவன் முதல்நாளே காரைக்காலுக்குப் போய் பிரவுசிங் சென்டரில் சொல்லிப் படத்தைக் கலரில் அச்செடுத்து வந்திருந்தான். மேலே படம் பெரிதாக, கீழே எழுதியவை சின்ன எழுத்தில். தாளை ஜமுக்காளத்தில் கவிழ்த்துப் போட்டு, காற்றுக்காக ஒரு தேங்காயை எடுத்து மேலே வைத்தான்.

நாட்டார் சொக்கநாதன் தேங்காயை நகர்த்திவிட்டுத் தாளைத் திருப்பினார். சபை மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது. அவர் கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். கிட்டே வைத்துப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார்.

“என்னய்யா இது. சின்னப் புள்ள சட்ட போட்டுக்கிட்டு நிக்கிது.”

“சட்ட இல்ல மாமா, சுட்டரு.”

“மானு நல்லாருக்கு.”

“எனக்கும் ஒண்ணு குடுத்தானுவ. தலையே நொழையல.”

“தலதான? ஒனக்கு எதுதான் நொழைஞ்சிச்சு?”

“எங்க வூட்டுக்கு ஒரு மூட்டைய பிரிச்சா, பூரா டை. கழுத்துல கட்டுவானுவளே, அது. எங்கப்பாரு அதுல ஆட்டக் கட்டிப்புட்டாரு.”

சபை சிரித்தது. பயந்தது போல் ஒன்றும் இல்லை என்ற நிம்மதியில் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தது. தாள் கை மாறிக்கொண்டே போயிற்று. பாரதிப்ரியா அம்மாவின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதுகு அசையவில்லை.

நாட்டார் கையைத் தூக்கினார். “போதும். ஏம்ப்பா நாகராஜு. எதுக்குடா போட்ட?”

“என் படம் இருக்கான்னு தேடினங்கய்யா.”

“என்னது?”

“சுனாமின்னு போட்டு நம்ம ஊர் பேரப் போட்டா நெறைய படம் வருது. நான் இருக்கனான்னு பாத்தேன். நான் எதுலயும் இல்ல. இது இருந்திச்சு.” நாகராஜ் வேட்டியைப் பிடித்துக்கொண்டான். “டவுன் பசங்ககிட்ட காட்டினேன். நல்லாருக்கு, போடுடான்னாங்க. போட்டேன். கீழ எழுதினதெல்லாம் அவனுங்க.”

“நீ ஒண்ணும் எழுதலையா?”

“பேரு மட்டும் நான் வச்சேன்.”

கிழவர் ஒருவர் தொண்டையைச் செருமினார். “மொறப்பையன்தானே. மொறப்பொண்ணக் கேலி பண்ணினான். இதுல என்ன குத்தம்? நம்ம காலத்துல பண்ணாத கேலியா? மஞ்சத் தண்ணி ஊத்தலியா, பாவாடையில சாணி அடிக்கலியா?”

“கேலின்னா நேருக்கு நேரா பண்ணணும் சித்தப்பா,” என்றார் இன்னொருவர். “அவளும் திருப்பி ரெண்டு குடுப்பா. இவன் மூஞ்சிய மறைச்சுக்கிட்டு, பேர மாத்திக்கிட்டு, வெளியூர்க்காரன வச்சுல்ல சிரிச்சிருக்கான்.”

“சரி, என்னதான் எழுதிருக்கானுவ? படிப்பா.”

கல்லூரிப் பையன் படித்தான். ஆங்கில எழுத்துத் தமிழைச் சத்தமாகப் படித்தால் மந்திரம் சொல்வது போல ஒலித்தது. ஓசி என்ற இடம் வந்ததும் சபையில் சிரிப்பு நின்றது. அது அவளுக்கு மட்டும் சொன்னதில்லை என்று எல்லோருக்கும் புரிந்தது. ஒருவர் எச்சில் துப்ப எழுந்து போனார். பையன் தொடர்ந்து படித்துக்கொண்டே வந்து, ஒரு இடத்தில் நிறுத்தினான்.

“என்னப்பா?”

“இது பாரதிப்ரியான்னு போட்டுருக்கு.”

“என்ன போட்டுருக்கு?”

“‘எனக்கு ஒரு மஃப்ளரும் வேணும். யார் அனுப்புறீங்க? ஹாஹா.’”

எல்லோரும் வேப்பமரத்தைப் பார்த்தார்கள். செல்லம் திரும்பினாள்.

“நீ எழுதினதாடி?”

பாரதிப்ரியா தலையசைத்தாள்.

நாட்டாருக்குக் கோபமில்லை. குழப்பம்தான். “நீயே சிரிச்சிருக்கியே தாயி. அப்பறம் எதுக்குப் பிராது?”

“நான் பிராது குடுக்கலீங்க.”

“சரி. ஏன் சிரிச்ச?”

அவர் கேட்டது எழுதியதைப் பற்றி. அவள் படத்தில் சிரித்ததற்கும் சேர்த்துத்தான் சொன்னாள்.

“சிரிக்காட்டி விட மாட்டாங்க.”

சபையில் யாருக்கும் அது பிடிபடவில்லை. நாகராஜ் மட்டும் தலையைக் குனிந்துகொண்டான்.

தீர்ப்பு சீக்கிரம் வந்தது. பெண்ணே கூடச் சேர்ந்து சிரித்திருப்பதால் குற்றம் பாதி. நாகராஜ் படத்தை எடுத்துவிட வேண்டும். செல்லத்தின் காலில் விழ வேண்டும்.

“எடுத்துடுறேங்கய்யா,” என்றான் நாகராஜ். “ஆனா அவனவன் எடுத்து வச்சிருப்பானுங்க.”

“எங்க?”

“வீட்டுல. கம்ப்யூட்டர்ல. செல்லுலகூட.”

நாட்டார் கடல் பக்கம் பார்த்தார். “அது நம்ம எல்லை இல்ல,” என்றார்.

நாகராஜ் வந்து விழுந்தான். செல்லம் காலை நகர்த்திக்கொள்ளவுமில்லை, எழுந்திரு என்று சொல்லவுமில்லை. அவனாகவே எழுந்து போனான்.

“பொருள உடையவங்ககிட்ட குடுங்கப்பா.”

அதுவும் வழக்கம். சபையில் வைத்த பொருள் சபையில் தங்கக்கூடாது. தலையாரி தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வேப்பமரத்துக்கு வந்தார். பாரதிப்ரியா முந்திக்கொண்டு கை நீட்டினாள். அவர் அவளைத் தாண்டிச் செல்லத்திடம் கொடுத்தார்.

செல்லம் பார்த்தாள். ஜமுக்காளத்தைச் சுருட்டினார்கள். அத்தை தன் மகனை இழுத்துக்கொண்டு போனாள். தங்கப்பன் பீடி பற்றவைத்துக்கொண்டு நாலு பேரோடு படகுப் பக்கம் நடந்தார். செல்லம் அதே இடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் எதுவும் தெரியவில்லை. மீனின் செவுளைப் பார்ப்பவர்களை அவள் பார்த்துக்கொண்டு நிற்கிற முகம்தான்.

பிறகு தாளை நான்காக மடிக்கப் போனவள், மடிக்காமல் சுருட்டிக்கொண்டாள். இருவரும் சுனாமிக் குடியிருப்பை நோக்கி நடந்தார்கள். ஒரே மாதிரி வீடுகள், ஒரே மாதிரி கதவுகள். தங்கள் வீட்டு வரிசை வந்ததும் செல்லம் கேட்டாள்.

“இதுக்குத்தானா காட்ட மாட்டேன்ன?”

“ம்.”

“சிரிச்சதுக்கா?”

பாரதிப்ரியா முந்திப் போய்க் கதவைத் திறந்தாள்.

வீட்டுக்குள் போனதும் செல்லம் தாளைத் தரையில் விரித்து, இரண்டு முழங்கையையும் அதன் ஓரங்களில் வைத்துக் குனிந்தாள். ஒரு விரலை ஸ்வெட்டருக்குப் பின்னால், மண்டபத்து வாசலில் நின்ற வரிசையில் வைத்தாள்.

“இது யாருன்னு தெரியுதா?”

வரிசையில் நிற்பவர்கள் கட்டைவிரல் அளவுகூட இல்லை. லாரிக்குப் பக்கத்தில் ஒரு பெண், தட்டு ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு முன்னால் நிற்பவரின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு வாரமாக பாரதிப்ரியா இந்தப் படத்தைப் பார்த்திருக்கிறாள். தன் வாயைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை.

“நீயா?”

“சோத்துக்கு நிக்கிறேன்.” செல்லம் விரலை எடுக்கவில்லை. “இது நான் தேடப் போகாத நாளு.”

“ஏன் போகல?”

“போகல.”

அதற்கு மேல் அந்தப் பேச்சு ஓடவில்லை. அடுப்பைப் பற்றவைக்க செல்லம் எழுந்தாள். பாதி வழியில் திரும்பி வந்து, தையல் பெட்டியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தாள். எழுதியிருந்த பகுதியைப் படத்தின் கீழ் ஓரத்தோடு நேராக வெட்டினாள். மந்திரம் மாதிரி இருந்த வரிகளும் மஃப்ளர் கேட்ட வரியும் ஒரே துண்டாகக் கழன்று விழுந்தன. அதை அடுப்பில் போட்டாள். வரிசைப் பக்கம் கத்தரிக்கோலைக் கொண்டுபோனவள் அங்கே வெட்டவில்லை.

“எதுக்கும்மா இது? தூக்கிப் போடு.”

“ஒன் படம் வேற எதுடி இருக்கு வீட்டுல?”

இல்லைதான். அலமாரியோடு எல்லாம் போயிருந்தது. பெயர் வைத்தபோது எடுத்தது, காது குத்தியது, முகிலனைத் தூக்கிக்கொண்டு வேளாங்கண்ணியில் நின்றது. முகிலனுக்கு அதுவும் இல்லை, எதுவும் இல்லை. பாரதிப்ரியாவின் பதினோரு வயதுவரை நடந்த எதற்கும் அந்த வீட்டில் சாட்சி கிடையாது. இருக்கிற முதல் படம் இந்த ஸ்வெட்டர்தான்.

மறுநாள் செல்லம் அதைக் காரைக்காலுக்குக் கொண்டுபோய் லேமினேட் செய்து வாங்கிவந்து டிவிக்கு மேலே ஆணி அடித்து மாட்டினாள். பாரதிப்ரியாவுக்கு அது பிடிக்கவில்லை. தினமும் சாப்பிடும்போது எதிரே அந்தச் சிரிப்பு. ஆனால் எடுக்கச் சொல்லவில்லை.

நாகராஜ் கூட்டத்தை அழித்தான். அதே படத்தோடு வேறு பெயரில் இன்னொன்று முளைத்தது. அதில் அவ்வளவு பேர் சேரவில்லை. பஞ்சாயத்து வைத்துத் தீர்ப்புச் சொன்ன கதை பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. பையன்கள் ஸ்வெட்டரை விட்டுவிட்டு நாட்டாரைப் பிடித்துக்கொண்டார்கள். கொஞ்ச நாள் நாகராஜைப் பார்த்தாலே யாராவது கீழே விழுந்து கும்பிட்டார்கள். அவன் சிரித்துக்கொண்டே போனான். அவன் எப்படிச் சிரித்தான் என்பது அவளுக்குத் தெரிந்தது.

ஐப்பசியில் ஒரு மாலை, அத்தை கொடுத்தனுப்பிய இறால் பாத்திரத்தோடு நாகராஜ் வீட்டுக்கு வந்தான். பஞ்சாயத்துக்குப் பிறகு அவன் வருவது அதுதான் முதல் தடவை. வாசலிலேயே நின்றான்.

“உள்ள வா. பாத்திரத்த மாத்திக் குடுக்க வேணாமா?” என்றாள் செல்லம்.

வந்தான். டிவிக்கு மேலே இருந்ததைப் பார்த்தான். பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, எட்டிப் படத்துக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனான். ஸ்வெட்டரை அவன் பார்க்கவில்லை. அதற்குப் பின்னால் இருந்த வரிசையை, லாரியிலிருந்து வாசல்வரை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தான்.

பாரதிப்ரியா பாடப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள்.

“நீ அதுல இல்ல,” என்றாள். “நான் தேடிட்டேன்.”

“நல்லாப் பாத்தியா?”

“நல்லா.”

அவன் இன்னொரு தடவை வாசலிலிருந்து லாரிவரை பார்த்தான். செல்லம் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள்.